வலக்கைப் பக்கம் இரண்டு லீவர்

வெல்டிங் பட்டறை,
ஏப்ரல் 9

அன்புள்ள சங்கிலிக்கு,

நீ நலமாகத்தான் இருப்பாய். பத்திரிகையில் பார்த்தேனே.

போன ஞாயிறு ஏப்ரலின் முதல் ஞாயிறு. காலையிலேயே ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசுக்குப் போய்விட்டேன். கையில் இரண்டு லிட்டர் பெட்ரோல், ஸ்பானர் பை, ஹெல்மெட். பத்து மணி வண்டி வந்தது, ஒன்றரை மணி வண்டியும் வந்தது. பீரோ இறங்கியது, கோழிக் கூடைகள் இறங்கின, நம் மோட்டார் சைக்கிள் இறங்கவில்லை. பார்சல் குமாஸ்தா நம்மை ஏழு வருஷமாகப் பார்க்கிறவர். "என்ன சார், இந்த வருஷம் உங்க ஆளு வரலையா?" என்று கேட்டார், அம்மா வீட்டுக்குப் போன மனைவி திரும்பாதவனை விசாரிப்பது மாதிரி. அசடு வழிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வருஷம் உனக்கு, ஒரு வருஷம் எனக்கு. உனக்கு மாற்றலான அன்று நீ சொன்ன பேச்சுதான் இது. லாரி ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த என் இன்ஜினும், பாழுங் கிணற்றில் நீ கண்டெடுத்த சேஸிஸும் சேர்ந்துதான் அந்த வண்டி ஆயிற்று. உனக்குச் சங்கிலி என்று நான் பேர் வைத்தது தப்பே இல்லை. நிலம் அளக்கிற சங்கிலியை இழுத்து இழுத்து, கையில் கிடைத்ததையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்கிற புத்தி வந்துவிட்டது உனக்கு.

சரி, ஏதோ தாமதம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். திங்கட்கிழமை உதிரிபாகக் கடைக்காரர் உங்கள் ஊர்ப் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தின் மாத இதழைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார். "உங்க வண்டி மாதிரியே இருக்கு பாருங்க" என்றார். மாதிரியே! பதினோராம் பக்கத்தில் பிப்ரவரி மாத ஞாயிற்றுக் கூட்டத்தில் நீ பேசியதைப் போட்டிருக்கிறார்கள். மணல் மூட்டைமேல் தகட்டை வைத்து ஒன்பது நாள் மரச் சுத்தியலால் தட்டி டாங்க் செய்த கதை. சைலன்சருக்குள் ஓட்டை போட்டு ஓட்டை போட்டு, கடைசியில் அந்தச் சத்தம் வந்ததும் பட்டறை வாசலில் இரண்டு பேரும் ஆட்டம் போட்ட கதை. படிக்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அந்த வரி வந்தது. 'நண்பர் ஒருவரின் உதவியுடன்.'

ஒருவர்! அந்த ஒன்பது நாளும் சுத்தியல் யார் கையில் இருந்தது? நீ ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு "இன்னும் ரெண்டு நூல் இறக்கு, இன்னும் ஒரு நூல்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உதவி செய்தது நீதானடா.

பக்கத்திலேயே படமும் இருக்கிறது. தொப்பி போட்ட ஒருவன் டாங்கின்மேல் கை வைத்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். யார் அவன்? கையை எடுக்கச் சொல்.

என் வீட்டுக்காரி சொல்கிறாள், "நான் ஓடிப்போனாக்கூட நீங்க இப்படிப் புலம்ப மாட்டீங்க" என்று. புலம்புகிறேன்தான். வண்டியை அனுப்பு.

பொறி

*

ஏப்ரல் 17

பொறிக்கு,

உன் கடிதத்தைத் தொட்டால் சுடுகிறது. வெல்டிங் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினாயா?

'நண்பர் ஒருவர்' என்று நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம். நான் முக்கால் மணி நேரம் பேசினேன், அதில் பாதி உன்னைப் பற்றி. மலைப் பாதையில் செயின் அறுந்தபோது நீ இரும்பு வேலிக் கம்பியை முறுக்கி இணைத்து, பதினான்கு கிலோமீட்டர் இறக்கத்தை ஓட்டி முடித்ததைச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். இதழ்க்காரர் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். அவரிடம் நானே சண்டை போட்டேன். நீ நம்பினால் நம்பு.

வண்டி விஷயம். இங்கே பார்சலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. பின் டயரும் மாற்ற வேண்டும். அதோடு அலுவலகத்தில் வேலை கழுத்தை நெரிக்கிறது. ஆகஸ்டிலிருந்து ஜனவரி வரை உனக்கு ஒரு வரி எழுதக்கூட முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன். இந்த ஒரு வருஷம் வண்டி என்னிடமே இருக்கட்டும். காரணம் கேட்காதே. அடுத்த இரண்டு வருஷமும் நீயே வைத்துக்கொள்.

போன முறை உன்னிடமிருந்து வந்தபோது டாங்க் பச்சையாக இருந்தது. கறுப்பு என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தது. நான் வாய் திறந்தேனா? அதற்கு ஈடாக வைத்துக்கொள். உன் வீட்டில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

சங்கிலி

*

ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய சர்வேயர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. காரணம் கேட்க வேண்டாம் என்று பணித்திருந்தீர்கள். கேட்கவில்லை. நானே கண்டுபிடித்துவிட்டேன்.

கடிகாரம் பழுது பார்க்கிறவரிடம், கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸை இரவல் வாங்கி வந்து ஒரு மத்தியானம் முழுக்க அந்தப் படத்தைப் பார்த்தேன். வண்டியின் வலப்பக்கத்திலிருந்து எடுத்த படம். முதலில் சீட்டு. உன் ஆறடிக்கும் என் குட்டைக் காலுக்கும் நடுவே ஓர் உயரம் பார்த்து வைத்தோம். உனக்கு முழங்கால் இடிக்கும், எனக்குக் குதிகால் தரையில் பதியாது, இருவருக்கும் சமமான கஷ்டம் என்று சிரித்தோம். இப்போது அந்தச் சீட்டு மூன்று விரல் இறங்கியிருக்கிறது. தொப்பிக்காரன் உன் தோளுக்குத்தான் வருகிறான். இரண்டையும் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியாதா?

அடுத்தது பிரேக் மிதி. நம் பழைய வண்டிக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வலது குதிகாலுக்குப் பக்கத்தில் ஒன்று முளைத்திருக்கிறது. இடது காலால் பிரேக் பிடித்துப் பழக்கமில்லாத எவனுக்கோ வைத்துக் கொடுத்திருக்கிறாய். அப்புறம் வலது கைப்பிடி. முன் பிரேக்குக்கு ஒரு லீவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. கிளச் லீவர் இடது கையில் இருக்கும்போது வலது கைக்கு எதற்கடா இரண்டாவது? அலங்காரம்! வண்டியை எவனோ பொம்மை மாதிரி சிங்காரித்திருக்கிறான். நீயும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

நீ நிற்கிற இடத்தையும் பார்த்தேன். பின் சக்கரத்துக்கு அந்தப் பக்கம், இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, பெரிய மனுஷத் தோரணையில். வண்டியை நீ தொடக்கூட இல்லை. அவன் தொடுகிறான்.

வயிறு எரிகிறது சங்கிலி. மறைக்க ஒன்றுமில்லை. உனக்குப் பட்டறை வேண்டும் என்றால் நான் இருக்கிறேன், ரயிலில் ஓர் இரவுதான். இருபத்திரண்டு வருஷம் அந்த சேஸிஸில் என் கையைத் தவிர வேறு கை பட்டதில்லை. புது ஆள் கிடைத்ததும் பழைய ஆள் 'ஒருவர்' ஆகிவிட்டேன்.

மே பத்தாம் தேதி லாரி பிடித்துக்கொண்டு வருகிறேன். தொப்பிக்காரனையும் வரச் சொல். அவன் மூஞ்சியை நேரில் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
நண்பர் ஒருவர்

*

மே 1

பொறி,

லாரி எடுக்காதே. இதைப் படித்துவிட்டுப் பேசு.

தொப்பிக்காரருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. இங்கே ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலிகளைப் பழுது பார்க்கிறவர். அங்கே பழக்கமானார். அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்பாய்.

போன ஆகஸ்ட் பதினான்காம் தேதி காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தம்ளர் கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், நானும் விழுந்தேன். மூளையில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். இடது கை போயிற்று, இடது கால் பாதி போயிற்று. இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன். அலுவலகத்தில் என்னை வரைபட அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். சங்கிலியை இப்போது வேறு யாரோ இழுக்கிறார்கள்.

படத்தில் பாக்கெட்டுக்குள் இருக்கிற கை தோரணைக்காக இல்லை. தினமும் காலையில் என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சி, அதை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறாள். இல்லாவிட்டால் தொங்கும்.

நீ லென்ஸ் வைத்துப் பார்த்தது எல்லாம் சரிதான், ஆளைத்தான் தப்பாகப் பிடித்தாய். கிளச்சை வலது கைக்கு அவர் மாற்றியது எனக்காக. பிரேக்கை வலது குதிகாலுக்குக் கொண்டுவந்தது எனக்காக. காலைத் தூக்கிப் போட முடியவில்லை என்று சீட்டை இறக்கியது எனக்காக. படம் எடுக்கிறவர் இடப்பக்கம்தான் முதலில் வந்தார், நான்தான் அவரை வலப்பக்கம் போகச் சொன்னேன். இடப்பக்கத்தில் மூன்றாவது சக்கரம் இருக்கிறது. சைடுகார் என்று பெருமையாகச் சொல்ல முடியாது. ஒரு தாழ்ந்த பலகை, ஒரு சக்கரம். இன்ஜினுக்குப் பின்னால் மறைந்துபோனது.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? வெட்கம் ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே உன் தங்கச்சி சொன்னாள், "உங்க சிநேகிதருக்கு எழுதட்டுமா? வந்து பாத்துட்டுப் போகட்டுமே." நான் சொன்னேன், "வேண்டாம், அவன் ரெண்டு கையோட வருவான்."

இதுதான் விஷயம். உன்மேல் பொறாமை. படுத்துக் கிடந்தபோது என் நோயை நினைத்ததைவிட உன்னை அதிகம் நினைத்தேன். உன் இடது கையை நினைத்தேன். நீ அதை யோசிக்காமலே கிளச்சைப் பிடிப்பாய், விடுவாய், மூக்கைச் சொறிவாய். வண்டி உன்னிடம் வந்தால் அரை நாளில் மூன்றாவது சக்கரத்தைக் கழற்றி மூலையில் சாத்திவிடுவாய். சீட்டை ஏற்றிவிடுவாய். மத்தியானம் பழைய வண்டியாக அதை ஓட்டிக்கொண்டு போவாய். உன்மேல் தப்பில்லை, அது உன் முறை. ஆனால் அதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் அனுப்பவில்லை. பார்சலில் இடம் இருந்தது.

இப்போது தெரிந்துவிட்டது. என்ன செய்யப் போகிறாய் செய். வந்து பார்க்க மட்டும் வேண்டாம்.

சங்கிலி

*

மே 9

சங்கிலி,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

முதல் கடிதத்தில் உன்னைத் திட்டினேன். ஒன்பது மாதம் மூடி மறைத்தவனைத் திட்டாமல் என்ன செய்வது? இரண்டாவதில் மன்னிப்புக் கேட்டேன். பாக்கெட்டில் இருந்த கையைப் பற்றி நான் எழுதியதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. அது அப்படியே நிற்கட்டும், மறுபடி எழுதினால் உனக்குத்தான் கஷ்டம். மூன்றாவதில் வண்டியை நீயே வைத்துக்கொள் என்று எழுதினேன். என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அழுதுகொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள், "இதை அனுப்புனீங்கன்னா அந்த மனுஷன் உங்ககூட அப்புறம் பேசவே மாட்டாரு." கிழித்துவிட்டேன்.

நீ உண்மையை எழுதியதால் நானும் எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது 'ஐயோ சங்கிலி' என்பது இல்லை. 'என்னைக் கேட்காமல் நம் சேஸிஸில் எவனோ வெல்டிங் வைத்திருக்கிறானே' என்பதுதான். என்ன ஜென்மமோ நான். 'ஐயோ' அப்புறம்தான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. ஆனால் முதலில் வந்தது எது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பொறாமைப்பட்டது நீ மட்டும் இல்லை. ஒரு சக்கர நாற்காலி மெக்கானிக்கைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன், இன்னமும் படுகிறேன். உன் கைக்கு வண்டியைச் சரிசெய்து கொடுத்தது அவர். அது என் வேலை.

வரவேண்டாம் என்றாய், வரவில்லை. ஆனால் என் முறையை விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டியை அனுப்பு, இருக்கிறபடியே. மூன்று சக்கரமும், பலகையும், இரண்டு லீவரும். ஒரு திருகைக்கூட நான் கழற்ற மாட்டேன். நீ ஓட்டுகிற மாதிரியே, ஒரு கையும் ஒரு காலும் மட்டும் வைத்து, ஒரு வருஷம் ஓட்டுவேன். ஏமாற்றினால் என்னைப் பொறி என்று கூப்பிடாதே.

பொறி

*

மே 20

பொறிக்கு,

நேற்றுக் காலை ரயிலில் வண்டியை அனுப்பியாயிற்று. ரசீது இதோடு இருக்கிறது. தொப்பிக்காரர் முன்னால் தள்ளினார், உன் தங்கச்சி பின்னால் தள்ளினாள், நான் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தேன். பார்சல் பெட்டியின் கதவைச் சாத்தும்போது ஓடிப்போய் நிறுத்தலாமா என்றிருந்தது. ஓடுவது எங்கே!

உன் சபதத்தை நான் நம்பவில்லை. ஒரு வாரம் விளையாடிப் பார்ப்பாய். எட்டாம் நாள் ஸ்பானரை எடுப்பாய். எடுத்தால் எனக்கு எழுதாதே, நானாகவே தெரிந்துகொள்கிறேன். நினைத்தபோது கையை வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்பவனுக்கும் எனக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. அது உனக்குத் தெரியாமல் இருக்காது.

மூன்று சக்கரத்தை எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தர மாட்டேன். நீதான் பெரிய ஆளாயிற்றே.

சங்கிலி

*

ஜூன் 29

அன்புள்ள சங்கிலிக்கு,

முதலில் கசப்பானதை முடித்துவிடுகிறேன். அந்தத் தொப்பிக்காரர் வைத்த வெல்டிங்கைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தேன், லென்ஸ் வைத்துப் பார்த்தேன், மண்ணெண்ணெய் தடவி விரிசல் தேடினேன். நன்றாகத்தான் இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

ஸ்பானரை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரி தினமும் என் இடது கையைச் சட்டைக்குள் விட்டுப் பட்டன் போட்டுவிடுகிறாள். "பைத்தியம் முத்திப்போச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் போடுகிறாள். இடது காலைப் பலகைமேல் நீட்டிப் பெல்ட்டால் கட்டிவிடுகிறேன்.

முதல் நாள் பட்டறையை விட்டு வெளியே வந்து, மரக்கடை முனையில் வலப்பக்கம் திரும்ப இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் வண்டியைச் சாய்த்தேன். மூன்று சக்கரம் எங்கே சாயும்? நேராகப் போய் மரக்கடைக்காரர் அடுக்கி வைத்திருந்த பலகைகளுக்குள் புகுந்தேன். கண்ணாடி போயிற்று, முட்டி பெயர்ந்தது. மரக்கடைக்காரர் ஓடிவந்து, "இத்தனை வருஷம் ஓட்டுன வண்டிதானே இது?" என்று கேட்டார். மண்ணைத் தட்டிக்கொண்டு ஆமாம் என்றேன்.

இரண்டாம் வாரம் நேர் சாலையில் ஓட்ட வந்தது. எரிபொருளைக் கூட்டினால் இடப்பக்கம் இழுக்கிறது, பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கிறது. ஒரே கை ஆக்ஸிலேட்டரைத் திருக வேண்டும், பிரேக்கைப் பிடிக்க வேண்டும், கட்டைவிரலால் கிளச்சை அமுக்க வேண்டும், அதே கை ஹேண்டில்பாரையும் மல்லுக்கட்டித் திருப்ப வேண்டும். சாயங்காலம் சோற்றைப் பிசைய விரல் மடங்குவதில்லை. நீ எழுதியது சரி, நான் நினைத்தால் கையை வெளியே எடுத்துவிடலாம். இரண்டு முறை எடுத்தேன். பழைய மேம்பாலத்து வளைவில், லாரி எதிரே வந்தபோது. இதையும் சொல்லிவிடுகிறேன், ஏமாற்றிவிட்டு இருக்க முடியாது.

நேற்று அந்த வளைவைக் கையை எடுக்காமல் முடித்தேன். முப்பத்தைந்து நாளில் ஒரே ஒரு முறை. மேலே போய் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உன் சங்க இதழ் ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிற்றுக் கூட்டம் நடக்கிற இடம் உன் வீட்டிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். அதில் மூன்று ரயில் கேட், ஒரு சந்தைத் தெரு. அந்தப் படம் எடுத்தது பிப்ரவரியில். ஆஸ்பத்திரியை விட்டு வந்து நாலு மாதம்கூட முழுதாக ஆகியிருக்காது. நீ இதை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாய். போய் இறங்கி, முக்கால் மணி நேரம் என்னைப் பற்றிப் பேசிவிட்டு, திரும்பவும் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்.

நம் இரண்டு பேரில் யார் நன்றாக ஓட்டுகிறவன் என்று நாம் ஒருநாளும் பேசியதில்லை. நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை, அதனால் நான் பேசவில்லை. நீயும் ஏன் பேசவில்லை என்று நேற்றுதான் யோசித்தேன்.

அப்போது வயிறு எரிந்தது பார், தொப்பிக்காரரைப் பார்த்து எரிந்ததெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. உன்மேல்தான். இந்த வண்டியை, இந்த மூன்று சக்கரத்தை, நீ என்னைவிட நன்றாக ஓட்டுகிறாய். கொஞ்ச நஞ்சமில்லை, எட்ட முடியாத அளவுக்கு.

சொல்லித்தர மாட்டேன் என்று எழுதியிருந்தாய். உன் கோபம் நியாயம்தான். ஆனாலும் கேட்கிறேன், இதுவரை உன்னிடம் நான் ஓட்டத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. இடப்பக்க வளைவில் பலகைச் சக்கரம் தரையை விட்டுத் தூக்குகிறது. அப்போது எனக்குக் குலை நடுங்கி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விட்டுவிடுகிறேன். நீ கிளச்சை எப்போது பிடிக்கிறாய்? வளைவுக்கு முன்னாலேயா, உள்ளே போன பிறகா?

தயவுசெய்து எழுது.

பொறி